காம்பியா தேர்தலும் பிரசிடெண்டு எதிர்ப்பும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பதவியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிரசிடெண்டைத் தேர்தல் காலத்தில் எதிர்ப்பது எப்படி என்னும் விஷயமாய் இன்று இங்கு பேசும்படி நாம் கேட்டுக்கொள்ளப்பட்டிருக்கின்றோம். இதைப் பொதுப்படையாகப் பேசினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. "சர்வாதிகாரம் கூடாது, ஜனநாயகம் வேண்டும்" என்று சொன்னால் யார்தான் ஆட்சேபிக்கப் போகிறார்கள்? பதவியில் இருக்கிறவனே எல்லோருக்கும் முந்திக் கை தட்டுவான். ஆகையால் ஒரு தேசத்தையும் அங்கு நடந்த ஒரு தேர்தலையும் எடுத்துக்கொண்டு, எதிர்த்தவர்கள் என்ன செய்தார்கள், முன்பு ஏன் தோற்றார்கள், பின்பு எப்படி ஜெயித்தார்கள், ஜெயித்தபின் என்ன ஆயிற்று என்பதை நடந்தது நடந்தபடி சொல்லலாமென்று வந்திருக்கின்றோம்.

அந்தத் தேசம் காம்பியா என்பது. ஆப்பிரிக்கா கண்டத்தின் மேற்குக் கரையில், ஒரு ஆற்றின் இரு கரையையும் பிடித்துக்கொண்டு, மூன்று பக்கமும் செனகல் தேசம் சூழ, நாடா மாதிரி நீண்டு கிடக்கிற ஒரு சிறு தேசம். மொத்தம் சுமார் 11,000 சதுர கிலோமீட்டர். அக்கண்டத்தின் நிலப்பரப்பில் இதைவிடச் சின்ன தேசம் கிடையாது. 2016-ல் ஜனத்தொகை ஏறக்குறைய 20 லட்சம். முக்கிய விளைச்சல் நிலக்கடலை. வெள்ளைக்காரன் ஆட்சியிலிருந்து 1965-ல் விடுதலை அடைந்து 1970-ல் குடியரசானது. மாட்டு வைத்தியம் படித்த டாவ்டா ஜவாரா என்பவர் முதல் பிரசிடெண்டாக வந்து 1994 வரை இருந்தார். அவ்வருஷம் ஜூலை 22-ந் தேதி யாஹ்யா ஜம்மே என்னும் 29 வயதுள்ள ஒரு பட்டாளத்து லெப்டினண்டு சில சிப்பாய்களைச் சேர்த்துக்கொண்டு அவரை விரட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஊழலை ஒழிக்கத்தான் வந்தேன், காரியம் முடிந்ததும் போய்விடுவேன் என்கிற தோரணையில்தான் ஆரம்பம். போனாரா என்றால் 22 வருஷம் போகவில்லை.

பிரசிடெண்டும் பச்சிலையும்

இந்த மனிதர் தம் பெயருக்கு முன்னும் பின்னும் சேர்த்துக்கொண்ட பட்டங்களைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஷேக், புரொபசர், அல்ஹாஜி, டாக்டர், பாபிலி மன்சா என்று வரிசையாக இருக்கும். நம் பக்கத்து மேடைகளில் பட்டம் சூட்டும் வைபவங்களைப் பார்த்துப் பழகினவர்களுக்கு இது ஒன்றும் ஆச்சரியமாயிராது. பட்டத்தோடு நின்றிருந்தால் நாமும் சிரித்துவிட்டுப் போயிருப்போம்.

2007 ஜனவரியில் இவர், எய்ட்ஸ் வியாதியைத் தம்மால் குணப்படுத்த முடியுமென்று உலகத்துக்கு அறிவித்தார். ஏதோ பச்சிலைக் குழம்பை நோயாளிகளின் உடம்பில் தடவி, உள்ளுக்கும் கொடுத்து, மந்திரமும் சொல்லி, அதை சர்க்கார் டெலிவிஷனில் காட்டினார்கள். வியாழக்கிழமை வைத்தியத்துக்கு விசேஷ நாளாம். அதோடு, ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மருந்தை நிறுத்திவிட வேண்டுமென்றும் உத்தரவு. அப்படி நிறுத்தினவர்களில் பலர் செத்தார்கள். இது சந்தேகத்துக்கிடமானது என்று வாய் திறந்த ஐக்கிய நாடுகள் சபையின் பிரதிநிதியான ஒரு அம்மையாரைத் தேசத்தைவிட்டே வெளியேற்றினார்கள். பிழைத்துக்கொண்டவர்களில் மூன்று பேர் 2018-ல் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். போட முடிந்தது 2018-ல்தான், 2007-ல் அல்ல என்பதைக் கவனியுங்கள். வைத்தியர் பிரசிடெண்டாகவும் இருந்தால், வைத்தியம் பலிக்கவில்லை என்று சொல்வதே ராஜத்துரோகமாகிவிடுகிறது.

2009-ல் வந்தது இன்னும் மோசம். கிராமங்களில் சூனியக்காரர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி, பக்கத்து கினீ தேசத்திலிருந்து மந்திரவாதிகளை வரவழைத்து, பட்டாளத்தையும் போலீசையும் துணைக்கு அனுப்பி, வயதான ஆண்களையும் பெண்களையும் பிடித்துக்கொண்டு போய், மயக்கந்தரும் ஒரு கஷாயத்தைக் கட்டாயமாகக் குடிக்க வைத்தார்கள். சுமார் 1,000 பேர் வரையில் இப்படிப் பிடிக்கப்பட்டதாக ஆம்னெஸ்டி சங்கம் அப்பொழுதே வெளியிட்டது. நம் ஊரில் பேயோட்டுகிறவன் வேப்பிலையோடு வருவான். அங்கே துப்பாக்கியோடு வந்தான். மூடநம்பிக்கை தனியாளிடம் இருந்தால் அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் கேடு. அது சர்க்கார் கஜானாவையும் பட்டாளத்தையும் கையில் பிடித்துக்கொண்டால் என்னவாகும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

இதுமாத்திரமல்ல. 2000 ஏப்ரலில் மாணவர்கள் ஊர்வலம் வந்தபோது சுட்டதில் 14 பேர் மாண்டார்கள். "பாயிண்ட்" என்னும் பத்திரிகையின் ஆசிரியர் டெய்டா ஹைதரா 2004 டிசம்பர் 16-ந் தேதி காரில் வீட்டுக்குப் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். 2011-ல் பி.பி.சி. காரர்கள், "இன்னும் எத்தனை காலம் ஆளப்போகிறீர்கள்?" என்ற கருத்தில் கேட்டபோது, கடவுள் சித்தமிருந்தால் நூறு கோடி வருஷம் ஆளுவேன் என்றார். நாம் மிகைப்படுத்தவில்லை; நூறு கோடிதான் சொன்னார். கடவுள் பேரைச் சொல்லிவிட்டால் கணக்குப் போட வேண்டியதில்லையல்லவா?

எதிரிகளின் லட்சணம்

இவ்வளவு செய்தவனை ஏன் தேர்தலில் தோற்கடிக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். தேர்தல் நடக்காமலில்லை. 1996, 2001, 2006, 2011 என்று ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒழுங்காக நடந்தது, நான்கிலும் ஜம்மேதான். பயமுறுத்தல், பத்திரிகையை அடக்குவது, சர்க்கார் பணம், சர்க்கார் மோட்டார், சர்க்கார் டெலிவிஷன் இவை எல்லாம் உண்மைதான். ஆனால் எல்லாப் பழியையும் அவன்மேல் போட்டுவிட்டு எதிர்க்கட்சிக்காரர்களைத் தப்பவிடுவது நியாயமாகாது.

அங்கே பிரசிடெண்டு தேர்தலில் பாதிக்குமேல் ஓட்டு வாங்க வேண்டுமென்ற விதி முன்பு இருந்தது. பாதி கிடைக்காவிட்டால் இரண்டாம் தடவை ஓட்டுப் போட வேண்டும். 2001-க்குப் பிறகு அதை மாற்றி, யாருக்கு அதிகமோ அவன் பிரசிடெண்டு என்று ஆக்கிவிட்டார்கள். எதிரிகளை இரண்டாகவும் மூன்றாகவும் பிரித்து வைத்தால் போதும், ஜெயம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். எதிரிகளோ அவன் பிரிக்கும் வரையில்கூடக் காத்திருக்கவில்லை. தாங்களே பிரிந்து நின்றார்கள். 2006-ல் வக்கீல் உசைனு டார்போ ஒரு பக்கம், ஹலிஃபா சல்லா ஒரு பக்கம். 2011-ல் டார்போ ஒரு பக்கம், ஹமாத் பா ஒரு பக்கம். அவ்வருஷம் ஜம்மேக்கு 100-க்கு 72 பங்கு என்று கணக்குக் காட்டப்பட்டது. ஒவ்வொரு தடவையும் தேர்தலுக்கு முன் "ஒன்று சேருவோம்" என்று பேசுவார்கள். யார் தலைமை என்று வரும்போது கலைந்து போவார்கள். "நான் விட்டுக்கொடுக்கத் தயார், அவன் விட்டுக்கொடுத்த பிறகு" என்பதுதான் எல்லாக் கட்சிக்காரரின் தியாகமும்.

அப்புறம் 2012-ல் ஒரு புதிய யோசனை கண்டுபிடித்தார்கள். தேர்தல் யோக்கியமாக நடக்காதாகையால் சட்டசபைத் தேர்தலை பகிஷ்கரிப்பது என்று எதிர்க்கட்சிகள் ஏழில் ஆறு விலகிக்கொண்டன. பலன் என்ன? தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 48 ஸ்தானங்களில் 25-ல் ஜம்மே கட்சிக்காரர்கள் போட்டியே இல்லாமல் வந்தார்கள். மொத்தம் 43 ஸ்தானம் அவர்களுக்கு. பகிஷ்காரம் சில இடங்களில் ஆயுதமாகலாம். அதை நாம் அடியோடு மறுக்கவில்லை. ஜனங்கள் அத்தனை பேரும் கூட நின்று, சர்க்கார் காரியமே நடக்கவொட்டாமல் ஸ்தம்பிக்கும் நிலைமை இருந்தால் அதற்கு அர்த்தமுண்டு. அதில்லாமல் தலைவர்கள் மாத்திரம் வீட்டில் உட்கார்ந்து கொள்வதற்குப் பகிஷ்காரம் என்று பேர் வைப்பது, களத்து நெல்லைத் திருடன் அள்ளும்போது, "எனக்குத் திருட்டுக் காரியத்தில் சம்பந்தமில்லை" என்று கதவைச் சாத்திக்கொண்ட கதைதான். 2015-ல் அந்தச் சட்டசபைதான் பிரசிடெண்டு அபேட்சகர் கட்ட வேண்டிய டிபாசிட்டை 10,000 டலாசியிலிருந்து 5 லட்சம் டலாசியாக ஏற்றிவிட்டது. ஒரே எட்டில் 50 மடங்கு! எதிர்த்து ஓட்டுப் போட உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள்? காலி நாற்காலி ஆட்சேபணை சொல்லாது.

2016

இனி முக்கிய விஷயத்துக்கு வருவோம். 2016 டிசம்பர் 1-ந் தேதி தேர்தல் என்று குறித்திருந்தது. ஏப்ரல் 14-ந் தேதி, டார்போவின் கட்சியில் வாலிபர் வேலையைக் கவனித்து வந்த சோலோ சண்டெங் என்பவர் சிலரோடு வெஸ்ட்பீல்டு என்ற நாற்சந்தியில் நின்று, தேர்தல் முறையைத் திருத்து என்று கோஷம் போட்டார். கல் எறியவில்லை, கம்பு எடுக்கவில்லை. பிடித்துக்கொண்டு போய் ரகசியப் போலீசார் அடித்தே கொன்றுவிட்டார்கள். இரண்டு நாள் பொறுத்து ஏப்ரல் 16-ந் தேதி, "எங்கள் ஆளை உயிரோடாவது பிணமாகவாவது கொடு" என்று டார்போவே தெருவில் இறங்கினார். அவரும் கட்சியின் முக்கியஸ்தர்களும் கைதானார்கள். ஜூலையில் மூன்று வருஷ தண்டனை.

அந்த வழக்கு நடந்த நாட்களில் ஸ்திரீகள் செய்ததைச் சொல்லாமல் போனால் நம் பேச்சு பாதிப் பேச்சாகிவிடும். சுரைக்குடுக்கையில் செய்த அகப்பைக்கு அவர்கள் பாஷையில் கலமா என்று பேர். அதைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் கோர்ட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். ஆண் தலைவர்களெல்லாம் ஜெயிலுக்குப் போன பிறகு தெருவைக் காலியாக விடாமல் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் இந்த அகப்பைக்காரிகள்தான். அடுப்பங்கரையே ஸ்திரீகளுக்கு லட்சணம் என்று சொல்லுகிற பெரியவர்களுக்கு நாம் ஒன்று சொல்லுவோம்: அவர்கள் அடுப்பங்கரையை விட்டு வரும்போது அகப்பையையும் கொண்டுவந்துவிடுவார்கள், ஜாக்கிரதை!

ஜம்மேயின் எண்ணம் என்னவென்றால், டார்போவை ஜெயிலில் போட்டால் எதிர்க்கட்சி செத்தது என்பதுதான். நடந்தது நேர்மாறு. இருபது வருஷமாய் "யார் தலைவர்" என்ற சண்டையில் மாட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, சண்டைக்குரிய பெரிய தலைவர் ஜெயிலுக்குள் போனதும் வழி திறந்தது. டார்போவின் கட்சி, தங்கள் பொக்கிஷதாரான அடாமா பாரோ என்பவரை நிறுத்தியது. இவர் ஜனங்களுக்கு அவ்வளவாகத் தெரியாதவர், வீட்டுமனை வியாபாரி, ஒரு காலத்தில் லண்டனில் ஒரு கடையில் காவற்காரராக வேலை பார்த்தவர். அக்டோபர் 30-ந் தேதி ஏழு கட்சிகளும் சேர்ந்து பிரதிநிதிகளைக் கூட்டி ஓட்டெடுத்ததில், 490 பிரதிநிதிகளில் 308 பேர் பாரோவுக்கு ஓட்டளித்தார்கள். தோற்றவர்கள் கோபித்துக்கொண்டு தனியாக நிற்கவில்லை. ஹலிஃபா சல்லாவோ, தானே முன்பு பிரசிடெண்டுக்கு நின்றவர், கூட்டணியின் சார்பாகப் பேசுகிறவராக வேலை பார்த்தார். பாரோவும் தம் கட்சியை ராஜினாமாச் செய்துவிட்டு, எந்தக் கட்சியையும் சேராத அபேட்சகராக நின்றார். ஏழு கட்சிக்கும் பொது ஆள் என்று காட்ட அதுதான் வழி. ஜெயித்தால் மூன்று வருஷம் மாத்திரம் இருந்து, சட்டங்களைச் சீர்திருத்திவிட்டு விலகுவது, அடுத்த தேர்தலில் தாம் நிற்பதில்லை என்பது உடன்படிக்கை. இந்த வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வேலை இருக்கிறது.

ஒருவர் மட்டும் சேரவில்லை. மாமா காண்டே என்பவர் முன்பு ஜம்மே கட்சிச் சட்டசபை மெம்பராயிருந்து வெளியேறியவர். தனிக்கட்சி கண்டு தனியாகவே நின்றார். ஓட்டைப் பிரிக்கிறார் என்று அவரை வெகு பேர் வைதார்கள். நமக்கு அந்தக் கணக்கு அவ்வளவு சரியாகப் படவில்லை. ஜம்மேயை வெறுத்தும், டார்போ கூட்டத்தோடு சேர மனமில்லாமலும் இருந்த பழைய ஜம்மேக்காரர்களுக்கு அவர் ஒரு வாசலாயிருந்தார். அவர் இல்லாவிட்டால் அவர்களில் பாதிப்பேர் பழைய கொட்டிலுக்கே திரும்பியிருக்கக் கூடும்.

ஜம்மேயின் தரப்பில் ஜாதிப் பகையைக் கிளப்புகிற வேலையும் நடந்தது. மண்டிங்கா என்பவர்கள் அந்தத் தேசத்தில் மிகப் பெரிய வகுப்பார். அவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள், அவர்களைத் தொலைத்துவிடுவேன் என்கிற பாவனையில் 2016 ஜூனில் பொதுக்கூட்டத்திலேயே ஜம்மே பேச, ஐக்கிய நாடுகள் சபையில் இனக்கொலைத் தடுப்பைக் கவனிக்கும் உத்தியோகஸ்தர் பகிரங்கமாய்க் கண்டித்தார். காரியம் கைமீறும்போது வகுப்பைக் கிளப்புவது எல்லா தேசத்து அதிகாரக்காரனுக்கும் தெரிந்த வித்தைதான். ஆனால் அந்தத் தடவை அது விலைபோகவில்லை.

கோலிக்குண்டு ஓட்டு

தேர்தல் எப்படி நடக்கிறதென்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், கேட்க வேடிக்கையாயிருக்கும். அங்கே ஓட்டுச்சீட்டுக் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகமென்று வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாட்டை ஒட்டி, ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஒரு தகரப் பீப்பாய். அதன்மேல் அவர் படமும் கட்சி நிறமும். ஓட்டர் கையில் ஒரு கண்ணாடிக் கோலி கொடுப்பார்கள். அதை மறைவில் போய் வேண்டிய பீப்பாயின் குழாயில் போட வேண்டும். உள்ளே ஒரு மணி இருக்கிறது. கோலி விழுந்ததும் "டிங்" என்று ஒரு சத்தம். இரண்டு சத்தம் கேட்டால் எவனோ இரண்டு கோலி போட்டிருக்கிறான். கோலி தரையில் பட்டு மறுபடி ஓசை கிளம்பாதிருக்க அடியில் மணலோ மரத்தூளோ போட்டிருப்பார்கள். ஓட்டுச்சாவடிக்குப் பக்கத்தில் சைக்கிளுக்கு இடமில்லை. மணிச் சத்தம் குழப்பிவிடுமல்லவா? நம் தேசத்திலும் 1952 தேர்தலில் அபேட்சகருக்கு ஒரு பெட்டியாக, சின்னத்தை ஒட்டி வைத்துத்தான் ஓட்டு வாங்கினார்கள் என்பது வயதானவர்களுக்குத் தெரியும். படிக்காதவனுக்கு ஓட்டு எதற்கு என்று கேட்கிற பி.ஏ., எம்.ஏ.க்கள் உண்டு. அவர்கள் இந்தக் கோலியை நினைத்துப் பார்க்கட்டும்.

தேர்தலுக்கு முந்தின ராத்திரியிலிருந்தே இண்டர்நெட்டையும் வெளிநாட்டு டெலிபோனையும் நிறுத்திவிட்டார்கள். ஐரோப்பிய யூனியன் பார்வையாளர்களுக்கு இடமில்லை. கோலியில் மோசடி செய்யவே முடியாது, என் தேர்தல்தான் உலகத்திலேயே யோக்கியமானது என்று ஜம்மே பெருமை பேசினார். அந்தப் பெருமைதான் அவரைப் பிடித்தது. ஏனென்றால் ஓட்டெண்ணிக்கை ஒவ்வொரு சாவடியிலும் அங்கங்கேயே, எல்லாக் கட்சி ஏஜண்டுகளின் கண் முன்னால் நடந்தது. குழிகள் வெட்டிய பலகையில் கோலிகளை நிரப்பி எண்ணினார்கள். ஒரு மூலைக் கிராமத்துச் சாவடியில் எத்தனை கோலி என்பது அங்கே நின்றவர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்ட பிறகு, தலைநகரமான பன்ஜூலில் உட்கார்ந்து வேறு கணக்கு எழுதுவது லேசான காரியமல்ல. எதிர்ப்பு என்றால் மேடையில் தொண்டை கிழியப் பேசுவது என்று நம்மவர்களில் அநேகர் நினைக்கிறார்கள். விடிய விடியக் கண் விழித்துக் கோலி எண்ணின ஏஜண்டுகளின் பேர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. ஆனால் நூறு கோடி வருஷத்தை 22-ல் நிறுத்தினது அவர்கள்தான்.

டிசம்பர் 2-ந் தேதி தேர்தல் கமிஷன் தலைவர் அலியு மோமர் ஞ்சாய் முடிவை வெளியிட்டார்: பாரோ ஜெயித்தார். முதலில் சொன்ன கணக்கில் கூட்டல் பிழை இருந்ததென்று 5-ந் தேதி திருத்தி வெளியிட்டபடி, பாரோவுக்கு 2,27,708, ஜம்மேக்கு 2,08,487, காண்டேக்கு 89,768. நூற்றுக்கு ஏறக்குறைய 43, 40, 17. முதலில் 51,000-க்கு மேலிருந்த வித்தியாசம் 19,221 ஆகக் குறைந்தது. ஆனால் ஜெயித்தவர் மாறவில்லை. அந்தத் தேசம் விடுதலையான பிறகு ஓட்டின் மூலம் ஒரு பிரசிடெண்டு இறங்கினது அதுவே முதல் தடவை. இன்னொன்று பாருங்கள்: 22 வருஷ அக்கிரமத்துக்குப் பிறகும் நூற்றுக்கு 40 பேர் ஜம்மேக்குப் போட்டிருக்கிறார்கள். ரோடு போட்டான், பள்ளிக்கூடம் கட்டினான், எங்கள் ஆள் என்று சொல்லுகிறவர்கள் எங்கும் இருப்பார்கள். அவர்களை முட்டாள்கள் என்று திட்டி ஜெயித்துவிடலாம் என்று நினைக்கிறவன் எதிர்க்கட்சி வேலைக்கு லாயக்கில்லை.

போகிறேன் என்றவர் போகவில்லை

அன்றே ஜம்மே டெலிவிஷனில் தோன்றி, சிரித்த முகத்தோடு பாரோவை டெலிபோனில் கூப்பிட்டு வாழ்த்தினார். உலகமே ஆச்சரியப்பட்டது. ஒரு வாரம் சென்று டிசம்பர் 9-ந் தேதி, முடிவை ஒப்புக்கொள்ள மாட்டேன், வேறு தேர்தல் வேண்டும் என்றார். இடையில் என்ன நடந்தது? கூட்டணியின் முக்கியஸ்தரான ஒரு அம்மையார், ஜம்மே மேல் கூடிய சீக்கிரம் வழக்குத் தொடருவோம், வெளியே போக விடமாட்டோம் என்று ஒரு லண்டன் பத்திரிகைக்குச் சொன்னது வெளியாயிற்று. அதனால்தான் மாறினார் என்று சிலர் அந்த அம்மையாரைக் குறை கூறுகிறார்கள். கூட்டல் கணக்கு மாறினதும் ஒரு சாக்காயிற்று என்கிறார்கள். நாம் நினைப்பது, பதவியை விட மனமில்லாதவனுக்குச் சாக்கு எங்கேயும் அகப்படும் என்பது. ஆனாலும் பட்டாளம் இன்னும் அவன் கையில் இருக்கும்போது, சாவி கைக்கு வருமுன்னே ஜெயில் கதவைத் திறந்து காட்டியது சமயமறிந்த பேச்சல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கொலைக்கு விசாரணை வேண்டும். அதில் இரண்டு அபிப்பிராயமில்லை. எந்த நாளில் சொல்லுவது என்பதில்தான் கேள்வி.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகின்றோம். மேற்கு ஆப்பிரிக்க தேசங்களின் கூட்டமைப்பிலிருந்து லைபீரியா, நைஜீரியா, கானா, சியராலியோன் தலைவர்கள் வந்து சொல்லிப் பார்த்தார்கள். ஜம்மே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அங்கோ கேட்பதற்கு வேண்டிய ஜட்ஜுகள் இல்லை. அவர் காலத்திலேயே கோர்ட்டைக் காலியாக விட்டிருந்தது அவருக்கே வினையாயிற்று. "காம்பியா தீர்மானித்துவிட்டது" என்று அச்சடித்த சட்டையை வாலிபர்கள் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். சட்டைக்காகவும் கைது நடந்தது. தேர்தல் கமிஷன் தலைவர் உயிருக்குப் பயந்து செனகலுக்கு ஓடினார். 2017 ஜனவரி 19-ந் தேதி பாரோ, டக்கார் நகரத்திலுள்ள காம்பியா ஸ்தானிகர் ஆபீசில் பிரமாணம் எடுத்துக்கொண்டார். பக்கத்து தேசத்துப் பட்டாளங்கள் எல்லையைத் தாண்டின. 21-ந் தேதி ஜம்மே விமானமேறி ஈக்வடோரியல் கினீக்குப் போனார்.

ஜெயித்த பிறகு

இங்கே முடித்தால் எல்லோரும் சந்தோஷமாய் எழுந்து போகலாம். ஆனால் மூன்று வருஷ உடன்படிக்கை ஒன்று பாக்கி இருக்கிறது.

நல்ல காரியங்கள் நடந்தன. இல்லையென்று சொல்ல மாட்டோம். உண்மையறியும் கமிஷன் ஒன்று 2019 ஜனவரி முதல் பகிரங்கமாய் சாட்சி விசாரித்தது. கொன்றவர்களே வந்து கொன்ற விதத்தைச் சொன்னார்கள். வீடு வீடாக ஜனங்கள் கேட்டார்கள். எய்ட்ஸ் வைத்தியத்துக்கும் சூனிய வேட்டைக்கும் ஆளானவர்கள் வாய் திறந்தார்கள். சோலோ சண்டெங்கைக் கொன்ற குற்றத்துக்காக ரகசியப் போலீசின் பழைய தலைவர் முதலானவர்களுக்கு 2022 ஜூலையில் காம்பியா கோர்ட்டே மரணதண்டனை விதித்தது. பத்திரிகைகள் மூச்சு விட்டன.

ஆனால் மூன்று வருஷம் நெருங்கியபோது பாரோ, அரசியல் சட்டத்தில் ஐந்து வருஷம் என்றுதான் இருக்கிறது, உடன்படிக்கை சட்டமாகாது என்றார். சட்டப்படி அவர் சொன்னது பொய்யல்ல, அதுதான் விஷயமே. ஏழு கட்சித் தலைவர்களும் சாமர்த்தியசாலிகள், அவர்களில் வக்கீல்களும் உண்டு. ஆனாலும் வாக்கை மீறினால் என்ன செய்வது என்று அந்தக் காகிதத்தில் ஒரு பிடிப்பும் வைக்கவில்லை. எந்தக் கட்சியையும் சேராதவராக நின்றதால் கூப்பிட்டுக் கேட்கவும் கட்சியில்லை. "மூன்று வருஷம், நேரமாயிற்று" என்று அவர்கள் பாஷையில் ஒரு பெயர் வைத்துக்கொண்டு ஜனங்கள் கிளம்பினார்கள். 2020 ஜனவரியில் அந்த இயக்கத்தையே தடை செய்தார்கள். கண்ணீர்ப்புகையும் கைதும் நடந்தன. பழைய நாளில் சோலோ சண்டெங் நின்ற தெருவில் நின்றவர்களில் எத்தனை பேர் இந்தக் கூட்டத்திலும் நின்றிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே வருஷம் செப்டம்பரில், பிரசிடெண்டு இரண்டு தடவைக்குமேல் இருக்கக்கூடாதென்ற விதியுள்ள புதிய அரசியல் சட்ட நகல் சட்டசபைக்கு வந்தது. பாரோவின் முதல் ஐந்து வருஷமும் கணக்கில் சேரும் என்பதாக அதில் இருந்தது. 31 பேர் ஆதரித்தும், 23 பேர் எதிர்த்ததால், வேண்டிய முக்கால் பங்கு கிடைக்காமல் அது செத்தது. எதிர்த்தவர்களில் அநேகர் பாரோவின் பக்கம் நின்றவர்களே.

ஜெயிலிலிருந்து வந்த டார்போவோ, பாரோவின் கீழேயே மந்திரியாகவும் உபபிரசிடெண்டாகவும் இருந்து, 2019 மார்ச்சில் நீக்கப்பட்டார். 2021 டிசம்பர் 4-ந் தேதி மறுபடி தேர்தல், மறுபடி கோலி. இந்தத் தடவை பதவியில் இருக்கும் பிரசிடெண்டு பாரோ. எதிர்த்து நின்ற பெரிய ஆள் டார்போ. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் ஜம்மேயின் பழைய கட்சிக்காரர்களோடு பாரோவின் புதுக் கட்சி உடன்பாடு செய்துகொண்டது. ஜம்மே தூரதேசத்திலிருந்து டெலிபோனில் பேசி, அதை ஒப்புக்கொள்ளாமல், தம்மை எதிர்த்து நின்ற அதே காண்டேக்கு ஓட்டுப் போடும்படி தம் ஆட்களுக்குச் சொன்னார்! எதிரிகள் பலராய்ப் பிரிந்து நின்றார்கள். பாரோ 100-க்கு 53 பங்கு வாங்கினார். டார்போ 28, காண்டே 12. சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தள்ளுபடியாயிற்று.

"அப்படியானால் ஜம்மேயை இறக்கினது வீண்தானே?" என்று ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். அவருக்குப் பதில்: 2021-ல் தோற்ற டார்போ அன்று ராத்திரி வீட்டில் தூங்கினார், ஜெயிலில் அல்ல. பிரசிடெண்டை வைது எழுதின பத்திரிகாசிரியர் காலையில் மறுபடி எழுதினார். இதை வீண் என்று சொல்லுகிறவர் சண்டெங்கின் குடும்பத்தாரைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும். போதுமா என்றால் போதாது. மூன்று வருஷம் என்ற வாக்கு இன்னும் கடனாகத்தான் நிற்கிறது.

இன்னும் மூன்று சீட்டுகள் மேஜைமேல் இருக்கின்றன. தலைவர் அவர்கள் கடியாரத்தைப் பார்க்கிறார்கள். கடைசி பஸ்ஸுக்குப் போகவேண்டிய கிராமத்துத் தோழர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கேள்விகளை முதலில் கேட்கட்டுமென்று சொல்லி நம் பேச்சை இவ்வளவில் நிறுத்திக்கொள்ளுகின்றோம்.